திரைக்குத் திரை மஞ்சள்

அந்த ஒரு வாரத்தில் மட்டும் கலர் அக்காவிடம் "மஞ்சளாத் தெரியுதே" என்று சொன்னவர்கள் பதினோரு பேர். அவள் எண்ணிக்கொண்டேதான் இருந்தாள். இன்னும் ஒருவர் சொன்னால் கடித்துக் குதறிவிடுவது என்ற முடிவோடு அவள் உட்கார்ந்திருந்தபோது, பன்னிரண்டாவதாகச் சொன்னது அவளுடைய சொந்தத் தங்கை.

அக்காவுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. அந்த வீடியோ ஸ்டுடியோவில் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிவிட்டதால் அது அடையாள அட்டையில் மட்டும் தங்கிவிட்டது. யார் படம் பிடித்து வந்தாலும், யார் வெட்டி ஒட்டினாலும், கடைசியில் அவளிடம்தான் வந்தாகவேண்டும். முகம் முகமாகவும் வானம் வானமாகவும் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்து, டிவிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று, அரங்கத்துப் பெரிய திரைக்கு ஒன்று என்று தனித்தனி ஃபைலாக எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அதனால் முதலாளியிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் கலர் அக்கா. பெயரில் கலரை வைத்துக்கொண்டு, நாள் முழுக்கச் சாம்பல் சுவர் அறையில் சாம்பல் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறாளே என்று எல்லோரும் ஒரு தடவையாவது கிண்டல் செய்திருக்கிறார்கள். சுவரில் நிறம் இருந்தால் கண்ணை ஏமாற்றும், சட்டையில் நிறம் இருந்தால் திரையில் அடிக்கும் என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

இந்தத் தடவை வந்த படம் மூன்றே நிமிஷம். பிரசவ ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தால் தாய் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் விஷயம். இரண்டு குழந்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்திருந்தார்கள். ஒன்றுக்குக் காமாலை, மற்றதற்கு ஒன்றுமில்லை. ஒரு விரல் வந்து நெற்றியை மெதுவாக அழுத்தி எடுக்கும். அழுத்தின இடத்தில் தோலுக்கு அடியில் இருக்கிற நிறம் ஒரு விநாடி தெரியும். படத்தின் உயிரே அந்த ஒரு விநாடிதான்.

ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் நேரில் வந்து விளக்கியிருந்தார். மஞ்சள் ஏறுவது பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகு. அப்போது பக்கத்தில் நர்ஸ் இருக்கமாட்டாள், இந்தப் படம்தான் இருக்கும். படத்தில் நல்ல குழந்தை மஞ்சளாகத் தெரிந்துவிட்டால், நிஜமாகவே மஞ்சளாக இருக்கிற குழந்தையின் தாய் 'நம்ம பிள்ளையும் இப்படித்தானே இருக்கு' என்று நிம்மதியாக இருந்துவிடுவாள். முற்றவிட்டால் அது மூளை வரை போகும். "மத்தது எல்லாம் முன்னப்பின்ன இருக்கட்டும்மா. நிறம் மட்டும் தப்பாயிடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினாறு வருஷத்தில் நிறத்தை இவ்வளவு மதித்துப் பேசிய முதல் வாடிக்கையாளர் அவர்தான். கலர் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து அந்த இரண்டு நெற்றிகளையும் சரிசெய்தாள். அவளுடைய திரையில், ஆஸ்பத்திரியில் பார்த்தது அப்படியே இருந்தது.

சனியன் அதற்கப்புறம்தான் பிடித்தது.

வீடியோ ஃபைல் ஒவ்வொன்றோடும் கலர் புரொஃபைல் என்று ஒன்று ஒட்டிக்கொண்டு போகும். இந்த எண் வந்தால் இந்த மஞ்சளைக் காட்டு, அந்த எண் வந்தால் அந்தச் சிவப்பைக் காட்டு என்று திரைக்குச் சொல்கிற குறிப்பு அது. திரை அதைப் படித்து நடந்தால் நாம் பிழைத்தோம். படிக்காமல் தன் இஷ்டத்துக்கு ஆடினால், மூன்று நாள் உழைப்பை மூட்டை கட்டிவைக்க வேண்டியதுதான். உலகத்தில் இருக்கிற திரைகளில் பாதி, எழுதப் படிக்கத் தெரியாதவை என்பது கலர் அக்காவின் தீர்மானமான கருத்து.

ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தின் டிவி அந்த ரகம். திங்கட்கிழமை காலையில் படத்தைப் போட்டார்கள். பத்து மணிக்குத் தலைமை நர்ஸ் போன் செய்து, இரண்டு குழந்தையுமே மஞ்சளாகத் தெரிவதாகச் சொன்னார். அரை மணி கழித்து அலுவலகத்திலிருந்து ஒருவர் அதையே சொன்னார். அப்புறம் முதலாளி வந்து, தான் அந்த டிவியைப் பார்க்காமலேயே, மஞ்சளாக இருக்கிறதாமே என்றார். கலர் அக்கா பஸ் பிடித்து நேரில் போனாள். டிவி, கடையில் பளபளவென்று காட்டுவதற்காக வைத்திருந்த அமைப்பிலேயே, வாங்கிவந்து நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் வாழைப்பழ விளம்பரம் பார்த்தால் கண் கூசும். ரிமோட் எங்கே என்று கேட்டாள். எலக்ட்ரீஷியன் காவலாளியைக் கை காட்டினார். காவலாளி, தனக்கு முன்னால் இருந்த காவலாளியைக் கை காட்டினார். டிவியின் பக்கவாட்டில் பொத்தான்கள் இருந்தன. யாரும் தொடாமல் இருக்க அதற்கு இரும்புக் கூண்டு செய்து பூட்டியிருந்தார்கள். சாவி வைத்திருந்தவர் வெள்ளிக்கிழமைவரை விடுப்பில் இருந்தார்.

வேறு வழியில்லாமல், அடுத்தவர்கள் செய்தால் தானே திட்டித் தீர்க்கிற ஒரு காரியத்தை அவள் செய்தாள். அந்த டிவி எவ்வளவு மஞ்சளை ஏற்றுகிறதோ, அவ்வளவு மஞ்சளை முன்கூட்டியே பிடுங்கிவிட்டு ஒரு கோணல் ஃபைலை உருவாக்கினாள். அந்த டிவியில் பார்த்தால் சரி, வேறு எங்கே பார்த்தாலும் தப்பு. ஃபைலின் பெயரையே 'கூடத்து டிவிக்கு மட்டும், வேறு எதற்கும் இல்லை' என்று நீட்டி முழக்கி வைத்து அனுப்பினாள். ஆஸ்பத்திரி அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் பெயரை வாசிக்காமல், கடைசியாக வந்த ஃபைல்தானே நல்ல ஃபைல் என்று நினைத்து, அதைத் தாய்மார்களின் போன் குழுவில் போட்டுவிட்டார். போனில் அந்தக் காமாலைக் குழந்தை ரோஜாப்பூ நிறத்தில் கொழுகொழுவென்று படுத்திருக்க, 'இதோ, இதுதான் மஞ்சள்' என்று குரல் சொல்லியது. வீட்டில் இருந்த தாய்மாருக்கெல்லாம் தங்கள் குழந்தை அதைவிட மஞ்சளாகத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும் நாற்பது பேர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்களாம்.

சரியான போன் ஃபைலை அனுப்பினாள். அனுப்பிய செயலி அதைச் சுருக்கி, கலர் புரொஃபைலைக் கழற்றி எறிந்துவிட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்னொரு வழியில் அனுப்பினாள். புதன்கிழமை ஆஸ்பத்திரி அரங்கத்தில் படத்தைப் போட்டு ஒத்திகை பார்த்தவர்கள் போன் செய்து, பெரிய திரையில் மஞ்சளாகத் தெரிவதாகச் சொன்னார்கள். அங்கே புரொஜெக்டர் விளக்கு ஆயுள் முடிந்து மஞ்சள் பூத்துக் கிடந்தது. முதலாளி வந்து வாசலில் சாய்ந்து நின்று, எல்லாத் திரைக்கும் பொதுவாக ஒரே ஃபைலாகக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். அவள் அடுத்த ஃபைலைத் திறந்தாள். பதில் சொல்லியிருந்தால் அடுத்த நாள் வேலைக்கு வந்திருக்க முடியாது.

பதினோரு புகார். பதினொன்றுக்கும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: படம் சரி, உங்கள் திரைதான் தப்பு. பதினோரு தடவையும் அவள் சொன்னது நிஜமாகவே சரி. அதுதான் வினையாகப் போயிற்று.

தங்கைக்குப் போன சனிக்கிழமை அதே ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்திருந்தது. முதல் பிள்ளை. பிறந்த அன்று அக்கா ஒரு டஜன் வெள்ளைத் துண்டுகளோடு போய்ப் பார்த்துவிட்டு, படம் காத்திருக்கிறதே என்று மாலையே திரும்பிவிட்டாள். தங்கை திங்கட்கிழமை வீட்டுக்குப் போய்விட்டாள். அது ஊரின் மறுகோடி, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வேலை முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். அதுவரை தங்கை தினமும் போட்டோ அனுப்பினாள். அக்கா அந்தப் போட்டோக்களுக்கும் வாத்தியார் வேலை பார்த்தாள். டியூப்லைட்டில் எடுக்காதே, பச்சையடிக்கும். ஜன்னல் பக்கம் வை, அடியில் வெள்ளைத் துணி போடு, அப்போதுதான் நிறம் சரியாக வரும். தங்கை சின்ன வயதிலிருந்தே அக்கா சொன்னதைத் தட்டாதவள்.

புதன்கிழமை மத்தியானம், புரொஜெக்டர்காரரோடு கத்திவிட்டு போனைக் கீழே வைத்த அடுத்த நிமிஷம், அந்தத் தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா, பிள்ளை மஞ்சளாத் தெரியுறான்."

"எதுல தெரியுறான்?"

தங்கைக்குப் புரியவில்லை. "எதுலன்னா? பிள்ளைதான்க்கா. மடியிலதான் வச்சிருக்கேன்."

குழுவில் வந்த படத்தைப் பார்த்தாயா என்று அக்கா கேட்டாள். பார்த்தேன், அதில் வருகிற காமாலைக் குழந்தையைவிட இவன் மஞ்சள் என்றாள் தங்கை. கலர் அக்காவுக்கு மண்டைக்குள் ஏதோ புகைந்தது. அந்தக் கோணல் ஃபைல் தன் குடும்பத்துக்குள்ளேயே புகுந்துவிட்டதா என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அது தப்பான ஃபைல்டி. அதோட வச்சுப் பாத்தா ஊர்ல இருக்கிற அத்தனை பிள்ளையும் மஞ்சள்தான். போட்டோ எடுத்து அனுப்பு, நான் பாக்குறேன்."

போட்டோ வந்தது. துண்டின் மேல் குழந்தை, கண்ணை மூடிக் கை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவளுடைய பெரிய திரையில் படம் மஞ்சளாகத்தான் விரிந்தது. அதைப் பார்த்ததும் அவள் கை தானாகப் போயிற்று. பதினாறு வருஷமாக மஞ்சளடித்த முகம் எதைப் பார்த்தாலும் கை செய்கிற வேலை அது. யோசிப்பதற்கு முன்பே முடிந்துவிடும். மஞ்சளை இறக்கி, கொஞ்சம் நீலம் ஏற்றி, கன்னத்தில் துளி சிவப்பைக் கொண்டுவந்தாள். பத்து விநாடி ஆகியிருக்கும். பிள்ளை பூ மாதிரி ஆகிவிட்டான். அதைத் தங்கைக்கே திருப்பி அனுப்பி, பிள்ளை சரியாகத்தான் இருக்கிறான், உன் போன் கேமராதான் மஞ்சளடிக்கிறது என்று எழுதினாள்.

'அப்பாடா. நீ சொன்னா சரிக்கா' என்று உடனே பதில் வந்தது.

தங்கையின் மாமியார் எதற்கும் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிடலாமே என்று அன்று சாயங்காலம் சொன்னாராம். நிறத்தைப் பற்றி எங்கள் அக்காவுக்குத் தெரியாததா என்று தங்கை பெருமையாகச் சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டாளாம். இது பின்னால் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாம் ஒருவழியாக ஓய்ந்தது. சாவிக்காரர் விடுப்பு முடிந்து வந்து கூண்டைத் திறந்தார். கலர் அக்கா நாற்காலி மேல் ஏறி நின்று டிவியை ஒழுங்குக்குக் கொண்டுவந்து, கோணல் ஃபைலை அழித்து, நேரான ஃபைலைப் போட்டாள். புரொஜெக்டருக்குப் புது விளக்கு வந்தது. தலைமை நர்ஸ் மூன்று திரையையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவள் ஸ்டுடியோவுக்குத் திரும்பி, அந்த வாரத்தில் முதல் தடவையாக ஒரு டீயைச் சூடாக இருக்கும்போதே குடித்தாள். பக்கத்துத் திரையில் முகப்புப் படமாகத் தங்கை மகனை, தான் திருத்திய அந்தப் போட்டோவை, வைத்திருந்தாள். என்ன அழகாகத் தூங்குகிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இந்த நீலத் துண்டு எங்கே வாங்கினார்கள் என்று தோன்றியது.

இளநீலம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாமியார் வாங்கியிருப்பார் என்று நினைத்தாள். அப்புறம் துண்டின் ஓரத்தில் இருந்த தையல் கண்ணில் பட்டது. இரட்டைத் தையல், மூலையில் சின்ன முடிச்சு. அது அவள் வாங்கிக் கொடுத்த துண்டு. அவள் வாங்கிக் கொடுத்தது பன்னிரண்டும் வெள்ளை.

டீயைக் கீழே வைத்தாள். மூலப் போட்டோவைத் திறந்தாள். அதில் துண்டு வெள்ளையாக இருந்தது. சுத்தமான, ஜன்னல் வெளிச்சத்து வெள்ளை. பக்கத்தில் ஜன்னல் கம்பியின் நிழல்கூட விழுந்திருந்தது. அக்கா சொல்லிக் கொடுத்த மாதிரியே எல்லாவற்றையும் செய்து எடுத்த போட்டோ. கேமராவில் ஒரு தப்பும் இல்லை. துண்டு வெள்ளை என்றால், பிள்ளை மஞ்சள். நிறம் பார்க்க உட்காருகிற யாரும் முதலில் வெள்ளையைப் பார்ப்பார்கள். அவளே எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு அவள் வெள்ளையைப் பார்க்கவில்லை. பதினோரு பேர் மேல் இருந்த எரிச்சலைத்தான் பார்த்தாள்.

போனை எடுத்தபோது எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். தங்கை எடுத்ததும் பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்டாள்.

"தூங்குறான்க்கா. நேத்துலேந்து நல்லாத் தூங்குறான். பாலுக்குக்கூட எழுந்திரிக்க மாட்டேங்குறான்" என்றாள் தங்கை. குரலில் சந்தோஷம் இருந்தது. பாலுக்கும் எழாத தூக்கம் நல்ல தூக்கம் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும்.

"அவனை ஜன்னல் பக்கம் தூக்கிட்டுப் போ. நெத்தியில விரல் வச்சு மெதுவா அழுத்து. எடுத்துட்டு அந்த இடத்தைப் பாரு."

நடக்கிற சத்தம் கேட்டது. திரைச்சீலை இழுபட்டது.

"மஞ்சள்தான்க்கா" என்றாள் தங்கை. குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "உன்கிட்ட சொன்னேனே."

உடனே ஒரு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, யாரையும் எதையும் கேட்காதே, நான் அங்கே நிற்கிறேன் என்று மட்டும் சொன்னாள் கலர் அக்கா.

தலைமை நர்ஸ் குழந்தையை வாங்கி, ஜன்னலுக்குத் திருப்பி, ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். மஞ்சள் நெஞ்சு, வயிறு தாண்டித் தொடைவரை பரவியிருந்தது. ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் மஞ்சளின் அளவு பத்தொன்பது என்று வந்தது. அந்த எண் எவ்வளவு மோசம் என்று யாரும் விளக்கவில்லை, நர்ஸ் நடந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது. பிள்ளைக்குக் கண்ணைக் கட்டி, துணியெல்லாம் கழற்றி, மஞ்சளை இறக்குகிற நீல விளக்குக்கு அடியில் படுக்கவைத்தார்கள். எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டபோது தங்கை அக்காவைத் திரும்பிப் பார்க்காமல், ரெண்டு நாளா என்றாள். முந்தாநாளே கூட்டிவந்திருக்கலாமே என்றார் டாக்டர். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். 'இவள் அன்றைக்கே சொன்னாள், நான்தான் ஒன்றுமில்லை என்றேன்' என்று அக்கா நடுக்கூடத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். சொன்னதால் எந்தப் பாரமும் இறங்கவில்லை.

அன்றே அவள் ஸ்டுடியோவுக்குப் போய் அந்த மூன்று நிமிஷப் படத்தை மறுபடி திறந்தாள். ஆரம்பத்தில் பத்து விநாடிக்குக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து சேர்த்தாள்: 'இந்தத் திரையில் தெரிகிற நிறத்தை நம்பாதீர்கள். குழந்தையை ஜன்னல் பக்கம் தூக்கிப்போய் உங்கள் கண்ணால் பாருங்கள். சந்தேகம் வந்தால் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே வாருங்கள்.' முதலாளி அதைப் படித்துவிட்டு, நம் வேலையை நம்பாதே என்று நாமே எழுதுவதா என்று குதித்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூன்று ஃபைலையும் எடுத்து அனுப்பினாள். மூன்றிலும் அந்த எழுத்து ஒரே மாதிரிதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் தங்கை அவளோடு பேசவில்லை. சண்டையும் போடவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். அக்கா வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நீல வெளிச்சத்துக்குள் கிடந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வெளிச்சத்தில் பிள்ளைக்கு நிறமே இல்லை. சொந்தக் கண்ணின் மேல் அவளுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வெறுப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் கொடுப்பதற்காகப் பிள்ளையை வெளியே எடுத்தார்கள். இந்தத் தடவை அவன் தானாகவே வாயைத் திறந்து தேடினான். கொடுத்து முடித்துவிட்டு, தங்கை எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். வெயில் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பிள்ளையை வெள்ளைத் துண்டோடு ஏந்திக்கொண்டு, இரண்டு நாளைக்கு அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, மஞ்சள் இறங்கியிருக்கா? நீ பாத்துச் சொல்லேன்."

இத்தனைக்கு அப்புறமும் தன்னிடம் கேட்கிறாளே என்று நினைத்துக்கொண்டே அக்கா எழுந்தாள். கிட்டே போனாள். வெளிச்சம் சரி, துண்டு வெள்ளை. பிள்ளை விழித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். இறங்கிவிட்டது, நன்றாக ஆகிவிட்டான் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் தங்கை எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்றும் தெரிந்தது.

"எனக்குத் தெரியலடி" என்றாள். "நீல விளக்குல வச்ச பிள்ளையைக் கண்ணால பாத்துச் சொல்ல முடியாதாம். ரத்தம் எடுத்துத்தான் பாக்கணுமாம். நர்ஸைக் கூட்டிட்டு வரேன்."

தங்கை பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அன்னைக்கும் இதையே சொல்லியிருக்கலாம்லக்கா."

"சொல்லியிருக்கணும்" என்றாள் அக்கா. அங்கே நின்று அழ நேரமில்லை. நர்ஸைத் தேடிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள்.